சாவி யார் இடுப்பில்?

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் ஒரு பழைய காப்பித் தோட்டத்து பங்களாவை ஓர் அறக்கட்டளை இளைஞர் முகாம் விடுதியாக நடத்துகிறது. ஆறு மாதம் முன்பு அங்கே மேலாளராகச் சேர்ந்தேன். சாரணர்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், தேவாலய இளைஞர்கள் என்று வார இறுதிகளில் 40, 50 பேர் வந்து தங்குகிறார்கள். 12 வயதிலிருந்து 20 வயது வரை. கீழே சமையலறை, சாப்பாட்டுக் கூடம், பொறுப்பாளர் அறை, சுற்றி அகலமான வராண்டா. மாடியில் இரண்டு கூடங்களில் இரண்டடுக்குக் கட்டில்கள். மேலே போக ஒரே மரப்படி, அதுவும் சமையலறையை ஒட்டி.

அறங்காவலர்கள் கேட்டதால் ஆபத்துகளைப் பட்டியல் போட்டேன். 63 வந்தது. இந்த வருடம் இரண்டு லட்சம்தான் இருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல் என்கிறார்கள். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் பல வருடமாக இரவு பத்து மணிக்குக் கீழே கிரில் கேட்டை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார். வேண்டாம் என்றால், "பையன்கள் ராத்திரி வெளியே போய் ஏதாவது ஆனால் நீங்க பொறுப்பா?" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்று. டிசம்பரில் வந்த பையன்கள் கேம்ப்ஃபயர் முடிந்ததும் மிச்சக் கனலை ஓர் இரும்புச் சட்டியில் அள்ளி, குளிருக்கு இதமாக இருக்கும் என்று மாடியில் வைத்துப் படுத்துவிட்டார்கள். காலையில் நாலு பேருக்குத் தலைவலி, ஒருவன் வாந்தி எடுத்தான். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டோம். இப்போது உறுத்துகிறது. அவர்கள் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

வணக்கம்.

கடிதத்தோடு அனுப்பியிருந்த பட்டியலை இரண்டு தடவை படித்தேன். உழைத்துப் போட்ட பட்டியல். முதல் வரியில் வாசல் மிதியடி சுருண்டிருப்பது இருக்கிறது. கிரில் கேட் பூட்டு 41ஆவது வரியில் இருக்கிறது. கனல் சட்டி பட்டியலிலேயே இல்லை, கடிதத்தில் "இன்னொன்று" என்று வருகிறது. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வாசலில் நுழைந்து கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டே போனால் எல்லாருக்கும் இப்படித்தான் வரும். என் முதல் ஆய்வு அறிக்கையும் வாசல்படியில்தான் தொடங்கியது.

நான் வேலை பார்த்த தொழிற்சாலைகளில் ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு மதிப்பெண் போடுவோம். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம். இரண்டையும் பெருக்கி, பெரிய எண்ணை மேலே வைப்போம். தொழிற்சாலைக்கு அது சரி, அங்கே எல்லாரும் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கும் விடுதிக்குப் போனால் நான் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் உள்ளது தனிப் பட்டியல். மற்றதெல்லாம் இன்னொரு பட்டியல், அது காத்திருக்கலாம்.

வீட்டில் தூங்குகிற பிள்ளைக்கு இருட்டிலும் கதவு எந்தப் பக்கம் என்று கால் சொல்லும். உங்கள் விடுதிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது முதல் இரவு. பகல் முழுக்க மலை ஏறிவிட்டு அடித்துப் போட்டாற்போல் தூங்குவார்கள். தூங்குகிறவரை வாசனை எழுப்பாது, புகை மூக்கில் ஏறினாலும் பெரும்பாலும் விழிப்பு வராது. உங்கள் 63 வரிகளையும் இந்தக் கண்ணோடு பிரித்துப் பார்த்தேன். இரவுப் பட்டியலில் ஒன்பதுதான் நின்றன. பத்தாவது அந்தச் சட்டி.

முதலில் சட்டியை முடித்துவிடுவோம். அந்தப் பையன்களுக்கு வந்தது சாப்பாட்டுக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. அதே சாப்பாட்டைக் கீழே படுத்த பொறுப்பாளர்களும்தானே சாப்பிட்டார்கள்? ஒரே அறையில் படுத்தவர்களுக்கு மட்டும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, ஆனால் காய்ச்சல் இல்லை என்றால் கார்பன் மோனாக்சைடைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கனலில் புகை வராது. "புகையே இல்லையே சார்" என்று பையன்கள் நம்பி உள்ளே கொண்டுபோவது அதனால்தான். கரி சரியாக எரியக் காற்று போதாதபோது வெளிவருகிற இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கம் மயக்கமாக மாறுவது பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. உங்கள் பழைய கூடத்து ஜன்னல்களில் இடுக்கு இருந்திருக்கும், அல்லது யாரோ கழிப்பறைக்குப் போனவன் கதவைச் சாத்தாமல் வந்திருப்பான். அதனால்தான் அது தலைவலியோடு போயிற்று.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு எல்லா முதலுதவிப் பெட்டியிலும் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் ஒன்று இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு தாக்கியவருக்கு அதை மாட்டினால் 98, 99 என்று அருமையாகக் காட்டும். ரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று சாதாரணக் கிளிப்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த எண்ணை நம்பி உட்காராதீர்கள். வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து உடனே 108ஐக் கூப்பிடுங்கள், என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

ஆகவே கட்டடத்துக்குள் கனல், கரி அடுப்பு, பார்பிக்யூ எதுவும் கிடையாது. கேம்ப்ஃபயர் முடிந்ததும் வாளித் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி அணைக்க வேண்டும். அந்த இரும்புச் சட்டியை எடுத்து ஒளித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதில் பூச்செடி வையுங்கள். ஆனால் தடை போட்டால் குளிர் குறையாது. பையன்கள் சட்டியைத் தூக்கினது சேட்டைக்காக இல்லை, குளிருக்காக. ஆளுக்கு இன்னொரு கம்பளி கொடுங்கள், உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றுங்கள். கூடத்தில் பழைய கணப்பு இருக்கிறது, புகைபோக்கியில் பறவைக் கூடு என்று 29ஆவது வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். குளியலறைக்கு உள்ளேயே கேஸ் கீசர் என்பதும் இதே வாயுதான். அதை வெளிச்சுவருக்கு மாற்றுகிற வரைக்கும் அடுப்பில் வெந்நீர் போட்டுக் கொடுங்கள்.

இனி பூட்டு. வாட்ச்மேன் அண்ணன் கேட்பது நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் சொல்லாமல் சாவியைப் பிடுங்காதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத அன்று பழையபடி பூட்டிவிடுவார். அவருக்கு இதைச் சொல்லுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. தப்பி ஓடிவிடக் கூடாது என்று சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள், 28 பேர், தப்ப முடியாமல் இறந்துபோனார்கள். உங்கள் கேட்டையும் அதையும் ஒன்றாகப் பேசுவது அவருக்குக் கோபம் தரலாம். ஆனால் தீப்பிடித்த நேரத்தில் அவர் தோட்டத்துக் கோடியில் சுற்றிக்கொண்டிருந்தால், ஓடிவந்து, இருட்டில், நடுங்குகிற கையால், ஏழெட்டுச் சாவி கோத்த கொத்தில் சரியான சாவியைத் தேட வேண்டும். ஒரு நாள் இரவு விளையாட்டாகவே செய்து பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் அப்படிச் செய்த காவலாளி, பூட்டு திறந்ததும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பூட்டுக்குப் பதிலாக உள்ளே தாழ்ப்பாள் போதும், சாவி இல்லாமல், ஒரே இழுப்பில், 12 வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில். வெளியாள் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதானே? உள்ளே இருப்பவன் வெளியே போனால் தெரிய வேண்டும் என்பதற்குக் கதவு திறந்தால் கத்துகிற காந்த அலாரம் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைக் கேட்டில் மாட்டுங்கள். அண்ணனுக்கு நாற்காலியை வராண்டாவில் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு விளக்கும் பிளாஸ்கில் டீயும் வையுங்கள். பையன்கள் நழுவுகிறார்களா என்று பார்க்க அவரே போதும்.

கேட் திறந்தாலும் மாடியிலிருந்து அதுவரை வந்து சேர வேண்டுமே. கும்பகோணம் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்தது பகலில், எல்லாரும் விழித்திருந்தபோது. சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் போயிற்று. குறுகிய ஒரே படி வழியாகப் பிள்ளைகளால் இறங்க முடியவில்லை. உங்களிடம் கீற்று இல்லை, ஓடுதான். ஆனால் சமையலறையை ஒட்டி மரப்படி என்றால் கீழே புகை கிளம்பினால் அந்தப் படிக்கூண்டுதான் அதற்குப் புகைபோக்கி. நேராக மாடிக் கூடத்துக்குள் வந்து நிற்கும். தப்பிக்க வைத்திருக்கும் ஒரே வழியில்தான் ஆபத்தும் ஏறி வருகிறது.

இதற்கு முழுத் தீர்வு மாடியின் மறுகோடியில் வெளிப்பக்கமாக இரண்டாவது படி. உங்கள் இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. இரும்புப் படி, நேர்ப்படி. சுருள் படி இடத்தை மிச்சம் பிடிக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் தூக்கக் கலக்கத்தில் 25 பேர் வரிசையாக இறங்க அது ஆகாது. மழையில் வழுக்காத செதில் தகடு போடச் சொல்லுங்கள். மாடி ஜன்னலில் ஒன்றைக் கதவாக மாற்ற வேண்டியிருக்கும். பழைய சுவர் என்பதால் சிவில் எஞ்சினீயர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் உடைக்க வேண்டாம். மற்ற ஜன்னல்களில் கூடத்துக்கு ஒன்றிலாவது கிரில் உள்ளிருந்து கீலில் திறக்கும்படி இருக்கட்டும்.

படி வர மூன்று நாலு மாதம் ஆகும். அதுவரை? யோசித்தபோது, சாப்பாட்டுக் கூடத்தை மாடிக்கு மாற்றி, இரண்டு வாசல் உள்ள கீழ்க்கூடத்தில் தூங்க வைக்கலாமே என்று எழுதத் தொடங்கினேன். பிறகு கொதிக்கிற சாம்பார் அண்டாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு அந்த மரப்படியில் ஏறுவது கண்முன் வந்தது. ஓர் ஆபத்தை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைக்கிற வேலை அது. வராண்டா அகலம் என்கிறீர்களே, சாப்பாட்டை அங்கே வையுங்கள். கீழ்க்கூடத்தில் 20 பேர், மாடியில் படி வாசலை ஒட்டிய கூடத்தில் மட்டும் 20 பேர். இன்னொரு மாடிக்கூடம் பகலில் வகுப்புக்கும் கூட்டத்துக்கும் இருக்கட்டும். படி கட்டி முடிகிறவரை 40க்கு மேல் முன்பதிவு எடுக்காதீர்கள். வருமானம் குறையும் என்று அறங்காவலர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சமையலறைக் கதவு தானாக மூடிக்கொள்ளும்படி ஸ்பிரிங் கீல் போடுங்கள். சமையலர் அதை ஒரு செங்கல்லை வைத்து நிறுத்துவார், அந்தச் செங்கல்லை நீங்கள் தினமும் எடுக்க வேண்டியிருக்கும். சிலிண்டர்கள் வெளியே நிற்க வேண்டும், நிமிர்ந்து, நிழலில், கம்பி அடைப்புக்குள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுவது மட்டும் போதாது, தரை மட்டத்திலும் காற்றுப் போக்கி வேண்டும். உங்கள் சிலிண்டருக்குப் பக்கத்தில் சாக்கடைத் துவாரம் இருப்பது நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. சிலிண்டரை முதலில் அங்கிருந்து தள்ளி வையுங்கள். ரப்பர் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். இரவு கடைசியாகப் பாத்திரம் கழுவுகிறவர் ரெகுலேட்டரை மூடிவிட்டுச் சொல்ல வேண்டும், நீங்களும் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்துவிட்டு ஆட்களை வெளியே அனுப்பி, தள்ளி நின்று கேஸ் கசிவு அவசர எண்ணான 1906க்குப் பேசுங்கள்.

மின்சாரத்தில் இரவுக்கு உரியது இரண்டு. ஒன்று, சார்ஜர். ஒரு கூடத்தில் 25 கைப்பேசி, இரண்டு பிளக். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகி, அதில் மூன்றாவதைச் செருகி, அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறார்கள். தலையணைக்கு அடியில் சூடு போக வழியில்லை. கீழே வராண்டாவில் ஒரு மரப்பலகையில் வரிசையாக பிளக் வைத்து, இரவு பத்துக்கு எல்லாப் போனும் அங்கே வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் திட்டுவார்கள், பொறுப்பாளர்கள் உங்களை வாழ்த்துவார்கள். இரண்டாவது, சிலர் கொண்டுவரும் ரூம் ஹீட்டர். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். உங்கள் சுவரில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். அரை மணி நேரத்தில் அந்தப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடும். ஹீட்டர் வேண்டாம் என்று முன்பதிவுத் தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

கூடவே ஒன்று. "எம்.சி.பி. இருக்கிறது, பயமில்லை" என்று உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எம்.சி.பி. என்பது மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுகிற ஸ்விட்ச், அது காப்பது வயரை. ஆளைக் காப்பது மின்கசிவு வந்தால் விழுகிற ஆர்.சி.சி.பி., அதுவும் 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுகிற வகை. ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடுகிற பிள்ளைக்கு அதுதான் கவசம். எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

மெத்தை எல்லாம் ரெக்சின் உறை போட்ட நுரை. தீப்பிடித்தால் சில நிமிடங்களில் கூடம் முழுக்கக் கறுப்புப் புகை, அதில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் இருக்கும். கரண்ட் போனால் மெழுகுவர்த்தி, கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள், இரண்டும் மாடிக்குப் போகக் கூடாது. சார்ஜில் ஓடும் அவசர விளக்கு படியில் ஒன்று, கூடத்துக்கு ஒன்று. கூடத்துக்கு ஒரு புகை அலாரமும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள். பேட்டரியில் ஓடுவது போதும், கூடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். தீயணைப்பான் ஏ.பி.சி. பவுடர் வகையில் படியடியில் ஒன்று, சமையலறை வாசலுக்கு வெளியே ஒன்று. உள்ளே மாட்டினால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும். அழுத்தினால் இருபது விநாடிக்குள் தீர்ந்துவிடுகிற பொருள் அது. குப்பைத்தொட்டி அளவு தீக்கு அது உதவும். அதைவிடப் பெரிய தீ என்றால் ஆட்களை இறக்குவதுதான் வேலை.

இவ்வளவும் வாங்கி மாட்டினாலும் ஒத்திகை இல்லாவிட்டால் எனக்கு நம்பிக்கை வராது. சில வருடம் முன்பு ஒரு மாணவர் விடுதியில் இரவு பதினொன்றரைக்கு ஒத்திகை வைத்தோம். வார்டன் மணியை அடித்தார். ஐந்து நிமிடத்துக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார். எண்ணினோம், 60க்கு 57. இரண்டு பேர் காதுவரை கம்பளி இழுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போனைப் பறிக்க வருகிறார்கள் என்று நினைத்துக் கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தான். வந்தவர்களில் ஒருவன் கையில் சாப்பாட்டுத் தட்டு. அந்த விடுதியில் சாப்பாட்டு மணியும் அதேதான்! எல்லாருமாகக் கூடி நின்ற இடம் தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டிய பாதை.

ஆகவே ஆபத்துக்கு வேறு ஓசை வேண்டும், கையால் சுற்றுகிற சைரன் நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு குழுவும் வந்த அன்று மாலை, பை வைத்த கையோடு, எல்லாரையும் கட்டிலில் படுக்க வைத்து, விளக்கை அணைத்து, சைரன் அடித்து இறக்குங்கள். கால் மணி நேர வேலை, பிள்ளைகளுக்கும் விளையாட்டு மாதிரி இருக்கும். கூடுமிடம் கேட்டுக்கு வெளியே, மரத்தடியில் இல்லாமல், பாதையை மறிக்காமல். கட்டில் எண்ணோடு பெயர்ப் பட்டியல் ஒன்று கேட் பக்கத்தில் தொங்க வேண்டும். எண்ணிக்கை பொறுப்பாளர் ஞாபகத்தில் இருந்தால் போதாது. அக்கம்பக்கத் தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கேட்டால் வந்து செய்துகாட்டுவார்கள். அப்படி வரும்போது வண்டி உங்கள் வளைவில் திரும்புமா என்பதும் தெரிந்துவிடும்.

மேல்கட்டில் பற்றி ஏழு வரி எழுதியிருக்கிறீர்கள். கீழே தரைவிரிப்பு, எச்சரிக்கைப் பலகை, பொறுப்பாளர் கண்காணிப்பு என்று. முதலில் கேட்க வேண்டியது, மேல்கட்டில் தேவையா என்பது. ஆள் குறைந்த வாரம் கீழ்க்கட்டிலிலேயே எல்லாரையும் படுக்க வைத்துவிடலாம். தேவைப்பட்டால் சுவர்ப் பக்கமும் சேர்த்து இரண்டு பக்கமும் தடுப்பு, மெத்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல். மெத்தையை மாற்றிக் கனமானதைப் போட்டீர்களானால் தடுப்பு தாழ்ந்துபோகும், அதைப் பலர் கவனிப்பதில்லை. ஏணி ஆடக் கூடாது. வலிப்பு உள்ளவர், தூக்கத்தில் நடப்பவர் மேலே ஏறக் கூடாது. அது தெரிய வேண்டுமானால் முன்பதிவுத் தாளில் கேட்டிருக்க வேண்டும். ஆஸ்துமா, ஒவ்வாமை, தினசரி மாத்திரை எல்லாம் அதே தாளில்.

இடம் போதாதபோது தரையில் பாய் போட்டுப் படுக்க வைப்பதாக ஒரு வரி. அதை நிறுத்துங்கள். "பாம்பு" என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்றால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று நினைத்தே கிளம்புங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிப் போங்கள். விஷமுறிவு மருந்து உங்களுக்கு அருகில் எங்கே இருக்கிறது என்பதை இன்றே போனில் கேட்டு எழுதி வையுங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, இரவில் மூடுபனி வேறு. அதனால் குழு தங்கியிருக்கும் எல்லா இரவும் டிரைவரோடு ஒரு வண்டி விடுதியில் நிற்க வேண்டும். இதைச் செலவுக் கணக்கில் சேர்த்தே வாடகை சொல்லுங்கள்.

நீங்கள் பட்டியலில் எழுதாத ஒன்று. சிறுவர்களும் பெரியவர்களும் ஒரே கூரைக்கடியில் தங்குகிற இடத்தில் மனிதராலும் ஆபத்து வரலாம். கூடத்தில் பிள்ளைகளோடு ஒரே ஒரு பெரியவர் மட்டும் படுக்கக் கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. 12 வயதும் 20 வயதும் ஒரே கூடத்தில் வேண்டாம். கழிப்பறைக்குப் போகிற வழியில் இரவு முழுக்க விளக்கு எரியட்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் ஏதாவது தெரியவந்தால், குழுத் தலைவர் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றாலும், காவல்துறைக்குச் சொல்ல வேண்டியது சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. சொல்லாமல் மறைப்பது குற்றம்.

பகல் பட்டியலில் மிச்சம் 50க்கு மேல் இருக்கிறது. அதில் தொட்டி மூடி மட்டும் நாளைக்கே. சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் பூட்டுப் போட்ட இரும்பு மூடி போடுங்கள், அங்கே பூட்டு வேண்டும். செப்டிக் டேங்கை எட்டிப் பார்க்க யாரும் உள்ளே இறங்கக் கூடாது, பந்து விழுந்தாலும் சரி. கூரைமேல் சாய்ந்திருக்கும் சில்வர் ஓக் கிளைகளைக் கோடை மழைக்கு முன்னால் கழித்துவிடுங்கள். மாலைக்குப் பிறகு தோட்டத்துக்குள் காட்டெருமை வருகிறது என்பதால் கேம்ப்ஃபயர் இடத்தை வராண்டாவுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது நல்லது, ஆனால் சிலிண்டர் இல்லாத பக்கம். மிதியடியைச் சுருட்டிப் போட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கேட்டது, அந்தப் பையன்களின் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா என்று. சொல்ல வேண்டும். நாளாகிவிட்டதால் பயமுறுத்தத் தேவையில்லை. குழுத் தலைவரைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சாப்பாட்டால் வந்ததாக நாம் சொன்னது தவறாக இருக்கலாம், கனலிலிருந்து வந்த வாயுவாக இருக்கலாம், யாருக்காவது தலைவலி, மறதி, கவனக்குறைவு தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் இந்த விவரத்தைச் சொல்லிக் காட்டுங்கள் என்று நேரடியாகச் சொல்லுங்கள். அறங்காவலர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசுங்கள். அவர்கள் தயங்கினால், அந்தப் பையன்கள் வருகிற டிசம்பரில் வேறொரு மலையில் வேறொரு விடுதியில் இதையே செய்யக்கூடும் என்பதைச் சொல்லுங்கள், போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தோடு. குழுத் தலைவரின் எண் உங்கள் பதிவேட்டில் இருக்கும். பூட்டைக் கழற்றிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.